என்னை மௌத்தாக்கிய வெள்ளிக்கிழமைகள்

1

போன மாதம் சாய்ந்தமருதிலிருந்து என் ராத்தாவின், அக்காவின், மகள் றிஸ்னா வாட்ஸ்அப்பில் கதைத்தாள். நான் ஊரை விட்டு வரும்போது அவளுக்கு இரண்டு வயது. இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பரீட்சை, மழை, விலைவாசி என்று கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"சாச்சி, ஒண்டு கேட்டா கோவிக்கமாட்டீங்களே?"

"கேளு மகள்."

"நீங்க லண்டன்ல கிளப்புக்கு டான்ஸ் ஆடப் போன எண்டுதானே சாச்சா ஒங்கள உட்ட?"

நான் அப்போது பஸ்ஸின் மேல்தட்டில் இருந்தேன். வேலை முடிந்து வரும் நேரம். பக்கத்தில் இருந்த கிழவருக்குத் தமிழ் தெரியாது என்று தெரிந்தும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஆர் சென்ன?"

"எல்லாரும் அப்பிடித்தான் செல்லுற."

இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. றிஸ்னாவிடம் பிறகு கதைப்பதாகச் சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் கோபம் வந்தது. அவள்மீது இல்லை. பதினாறு வருஷமாக ஊரில் என்னைப் பற்றி ஒரு கதை நடமாடுகிறது, அதில் பாதி உண்மை, அந்தப் பாதிதான் என்னை மறுக்கவிடாமல் செய்கிறது.

ஓம், நான் கிளப்புக்குப் போனேன். தென் லண்டனில், றெயில் பாலத்துக்குக் கீழே, கொலம்பியாக்காரர்கள் நடத்திய இடம். தலையில் சால்வையோடு போனேன். ஆடியும் இருக்கிறேன். எது முதல் நடந்தது, எது பிறகு நடந்தது என்பதைத்தான் ஊர் மாற்றி வைத்திருக்கிறது. அதை நேராக்குவதற்காக இதை எழுதுகிறேன்.

2

றிஸ்வான் எனக்கு மாமியின் மகன். கல்யாணத்துக்கு முன்னும் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன், பின்னும் அதே. கதை குறைந்த ஆள். சிரிப்பதென்றால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். எங்கள் பக்கத்து வழக்கப்படி உம்மா எனக்குத் தந்த சீதன வீட்டில் இருந்தோம். கடலிலிருந்து மூன்றாவது வரிசை. மகள் ஹனாவுக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது அவர் மாணவர் விசாவில் லண்டனுக்குப் போனார். படித்ததைவிட வேலை செய்ததே அதிகம்.

மார்கழி மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடல் வந்து ஹனாவைக் கொண்டுபோனது. அவளுக்கு மூன்று வயது. மையித்துக்கூட, அவள் உடல்கூட, கிடைக்கவில்லை. கிடைத்த பிள்ளைகளையெல்லாம் என் காக்கா, மூத்த அண்ணன், போய்ப் போய்ப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தார். நானும் உம்மாவும் ராத்தாவும் வரிப்பத்தான்சேனையில் மச்சான் வீட்டில், அதாவது ராத்தாவின் கணவர் வீட்டில், ஒதுங்கியிருந்தோம். சுற்றிலும் வயல். கடல் சத்தம் கேட்காத ஊர். அப்படியும் நான் படுக்கும்போது காதைப் பொத்திக்கொண்டேன்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, ஒரு கொமினிகேஷன் கடையில் வரிசையில் நின்று லண்டனுக்குப் போன் எடுத்தேன். எனக்கு முன்னால் பதினைந்து பேர். ஒவ்வொருவரும் உள்ளே போய் அழுது முடித்து வெளியே வந்தார்கள். என் முறை வந்தது. றிஸ்வானின் குரல் கேட்டது. அவருக்குச் செய்தி முன்னமே போயிருந்தது.

"நஸீமா."

"மச்சான்."

"புள்ளைய ஏன் உட்ட?"

அவ்வளவுதான். லைன் இழுத்தது, இரைந்தது, அறுந்தது. கடைக்காரப் பொடியன் திரும்ப எடுத்துத் தரவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அவர் திரும்பவும் கேட்கவில்லை. நாலரை வருஷம் அந்த ஒரு கேள்வியோடு, முதலில் இரண்டு நாட்டில், பிறகு ஒரே கூரைக்குக் கீழே, ஒரே கட்டிலில், இரண்டு பேரும் இருந்தோம்.

3

2006இல் நான் லண்டன் வந்தேன். விசாப் படிவத்தை அவரே இங்கிருந்து நிரப்பி அனுப்பியிருந்தார். பிள்ளைகள் எத்தனை என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது. போனில் கேட்டேன். "உயிரோட இரிக்கிறவங்களத்தான் எழுதோணும்" என்றார். அலுவலகம், கந்தோர் விஷயம், அவருக்குத்தான் தெரியும் என்று கையெழுத்து வைத்தேன்.  சுனாமிக்குப் பிறகு சொன்ன இடத்திலெல்லாம் கையெழுத்து வைத்த காலம் அது.

கிழக்கு லண்டனில் ஒன்றரை அறை. மறு வருஷம் மகன் அய்மன் பிறந்தான். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "ஹனா இரிந்தா தம்பியத் தூக்க என்னென்ன சண்டை புடிச்சிரிப்பா" என்றேன். றிஸ்வான் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். பாதிச் சோறு அப்படியே இருந்தது. அதன் பிறகு அந்த வீட்டில் நான் அவள் பெயரைச் சொல்லவில்லை. அவர் ஆண், அவருடைய துக்கம் அப்படி, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கதைக்க முடியாதவர் கதைக்கமாட்டார், அதற்கு என்ன செய்வது?

அய்மனுக்கு ஒரு வயதானதும் ஒரு கந்தோர் கட்டடத்தில் துப்புரவு வேலை கிடைத்தது. விடிய ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை. சனிக்கிழமைகளில் மதியம் வரை. அங்கேதான் குளோரியா. கொலம்பியாக்காரி, ஐம்பது வயதிருக்கும், குட்டை, வாய் ஓயாது. அவளுக்கும் இங்கிலீஷ் பாதி, எனக்கும் பாதி. இரண்டு பாதியும் சேர்ந்து ஒன்றாகவில்லை. ஒருநாள் அவள் தன் காலணியைச் சுட்டிக்காட்டி "சப்பாத்தோ" என்றாள். "எங்களுக்கும் சப்பாத்துத்தான்" என்றேன். அவள் நம்பவில்லை. மேசையைத் தட்டி "மேசா" என்றாள். "மேசை" என்றேன். அலுமாரிக்கும் அதே கதை. துடைப்பானைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். போத்துக்கீசர் எங்கள் கரையில் விட்டுப்போன சொற்கள், அவளுடைய பாஷைக்குச் சொந்தக்காரச் சொற்கள். அன்றிலிருந்து அவளுக்கு நான் நஸி.

றிஸ்வானுக்குப் பொருள் களஞ்சியம் ஒன்றில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுதுவிட்டு வேலைக்குப் போனால், கூடுதல் ஷிஃப்ட் என்று விடியத்தான் வருவார். வரும்போது புறங்கையில் நீல மையில் சின்னத் தென்னை மரம் ஒன்று அடித்திருக்கும். கேட்டதற்கு, "ஸ்டோர் கேட்ல அடிக்கிற, உள்ள போய்வர" என்றார். நான் சவர்க்காரம் போட்டு அதைத் தேய்த்துக் கழுவியும் விட்டிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை. குளோரியா கையுறையைக் கழற்றினாள். அவளுடைய புறங்கையில் அதே தென்னை மரம்.

"நீயும் ஸ்டோர்ல வேலை செய்றியா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். இடுப்பில் கையை வைத்து, அந்தத் துடைத்த தரையிலேயே இரண்டு அடி ஆடிக் காட்டினாள். வெள்ளிக்கிழமை, மார்த்தாவின் இடம், காசு கொடுத்து உள்ளே போனால் இந்த முத்திரை.

நான் மிச்சமிருந்த நாற்பது மேசைகளையும் துடைத்து முடித்தேன். பிறகு கேட்டேன்: "என்னையும் ஒரு நாளைக்குக் கூட்டிப் போவியா?"

4

மேல்மாடியில் இருந்த அக்கரைப்பற்று மனுசியிடம், வேலை இடத்தில் விருந்து என்று சொல்லி அய்மனை விட்டேன். அது பொய். என் பங்குக்கு நானும் ஒரு பொய் சொன்னேன் என்பதை மறைக்கவில்லை.

என்ன எதிர்பார்த்துப் போனேன் என்றால், ஒரு பெண்ணை. வேறு என்னத்தை எதிர்பார்ப்பது? பஸ்ஸில் போகும்போதே அந்தப் பெண்ணுக்கு ஒரு முகம், ஒரு சட்டை எல்லாம் வைத்துவிட்டேன்.

பகலில் சூப்பும் சோறும் விற்கும் கடை அது. வெள்ளி இரவில் மேசைகளைச் சுவரோரம் தள்ளி, விளக்கை மாற்றி, ஆட்டம். வாசலில் நின்றவன் என் சால்வையைப் பார்த்தான், குளோரியாவைப் பார்த்தான், என் கையில் முத்திரையை அடித்தான். உள்ளே மனித வெக்கை. ரெகெட்டோன் என்று சொல்லும் அந்தப் பாட்டுக்கு மெட்டைவிட அடிதான் முக்கியம். ஒரே அடி, விடாமல், நெஞ்செலும்புக்குள் வந்து விழுகிற அடி. இளசுகள் அதற்கு ஆடின ஆட்டத்தைப் பார்த்து நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். ஆனால் அங்கே இருந்த பாதிப் பேர் என்னைப் போலத்தான். கக்கூஸில் வேலைச் சப்பாத்தைக் கழற்றி உயரச் சப்பாத்தை மாட்டிக்கொண்டிருந்த பெண்களின் கைகளில் வாசனைத் திரவியத்துக்கு அடியில் பிளீச் மணத்தது. எனக்குத் தெரிந்த மணம்.

பிறகு பாட்டு மாறியது. வயது போனவர்களுக்கான பாட்டு. இளசுகள் விலக, நடுவில் றிஸ்வான்.

அவரோடு ஆடியது எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு மூதாட்டி. அவளுடைய கையைத் தூக்கிச் சுழற்றி, ஒரு அடி பின்னால் போய், மறுபடி பிடித்தார். பிசகவே இல்லை. வாயைத் திறந்து சிரித்தார். பல் தெரிந்தது. எங்கள் கல்யாணத்தன்றைக்கும், அய்மன் பிறந்த அன்றைக்கும் நான் காணாத சிரிப்பு. நான் தேடி வந்த பெண் அங்கே இல்லை. இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பாட்டு முடிந்ததும் அந்த மூதாட்டி வியர்வையைத் துடைத்துக்கொண்டு எங்களிடம் வந்தாள். அவள்தான் மார்த்தா, இடத்துக்குச் சொந்தக்காரி. குளோரியா என்னை அறிமுகப்படுத்தினாள். முழுப் பெயர் என்ன என்று மார்த்தா கேட்டாள்.

"நஸீமா."

மார்த்தா நெஞ்சில் கையை வைத்தாள். குளோரியாவிடம் என்னவோ சொன்னாள். அந்த வசனத்தில் ஒரு சொல் எனக்கு விளங்கியது. 'மூவெர்த்தா'. யாரும் மொழிபெயர்க்க முதலே எனக்கு அது மௌத்து, மரணம், என்று கேட்டது.

குளோரியா என் காதுக்குள் கத்திச் சொன்னாள்: "பாரேன், மார்த்தாவோட ஆடின அந்த மனுசன்ட செத்துப்போன மனைவிக்கும் உன்ட பேர்தான். நாங்க அவர ரிச்சி எண்டுதான் கூப்பிடுற. ஒங்கட நாட்டு ஆள். சுனாமியில மனைவியும் போயிட்டாள், சின்னப் பிள்ளையும் போயிட்டு. நல்ல மனுசன், குடிக்கிறதே இல்ல, தோடம்பழச் சாறுதான். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளையில நாங்க ரெண்டு பேருக்கும் மெழுகுதிரி கொளுத்துறம்."

"ஹனாவுக்கா?" என்று கேட்டேன்.

குளோரியாவின் முகம் மாறியது. "உனக்கு எப்பிடி அந்தப் பேர் தெரியும்?"

அந்தப் பாதிச் சோற்று நாளுக்குப் பிறகு என் பிள்ளையின் பெயரை என் வாயால் சொன்னது அப்போதுதான். பெயரைக் கேட்டதும் மார்த்தா சிலுவைக் குறி போட்டாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. என் வீட்டில் சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போக வைத்த பெயர், இந்த இடத்தில் எல்லார் வாயிலும் இருந்தது.

றிஸ்வான் என்னைக் கண்டார். கையில் தோடம்பழச் சாறு. அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது, சுற்றி எல்லாரும் ஆடுகிறார்கள், அவர் மட்டும் நட்ட கம்பு மாதிரி நின்றார். நான் மார்த்தாவைப் பார்த்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: "அந்த மனைவி நான்தான்."

றிஸ்வான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வந்து தமிழில் கேட்டார்.

"நீ ஏன் இஞ்ச வந்த?"

அவருக்கு என்னிடம் கேட்க எப்போதும் ஓர் 'ஏன்' இருந்தது.

5

வீட்டுக்கு வந்த பிறகு குசினி அடுப்படியில் நின்றுகொண்டு கதைத்தார். அய்மனை மேலிருந்து தூக்கி வந்து படுக்கவைத்திருந்தேன். அதனால் இரண்டு பேரும் மெதுவாகத்தான் கதைத்தோம். சண்டை பிடிக்கிறோம் என்று பக்கத்து அறைக்குக்கூடக் கேட்டிருக்காது.

"நான் வேணுமெண்டு செல்லல்ல நஸீமா. சுனாமி நடந்த கிழமை அங்க சூப் குடிக்கப் போனன். டீவீயில கடலக் காட்டுறான். நான் அழுதிட்டன். 'ஆரு?' எண்டு கேட்டாங்க. எனக்கு இங்கிலீஷ்ல ஒண்டும் வரல்ல. 'எல்லாரும்' எண்டுதான் வாயில வந்திச்சி. 'மனைவியும் பிள்ளையுமா?' எண்டு கேட்டாங்க. தலைய ஆட்டினன். அண்டைக்கு எனக்கே தெரியா நீ இரிக்கியா இல்லையா எண்டு. லைன் இல்லயே."

அதை நான் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். ஒரு சொல் தவறிப் போவது எங்களைப் போன்றவர்களுக்கு இந்த நாட்டில் நாளாந்தம் நடப்பது.

"பத்து நாள்ல நான் கோல் எடுத்தன்தானே. பிறகு ரெண்டு வருஷத்தில நானே வந்து சேர்ந்தன். அப்ப செல்லியிரிக்கலாமே?"

அவர் குழாயைத் திறந்தார், மூடினார்.

"செல்லியிரிந்தா புள்ள எப்பிடிப் போன எண்டு கேட்டிரிப்பாங்க."

"கேட்டா?"

"உம்மாக்காரி உட்டுட்டா எண்டு நான் எந்த வாயால செல்லுற?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. என்மீது இரக்கப்பட்டுச் சொன்னார். என்னைக் காப்பாற்றியதாகவே நினைத்திருந்தார். பிள்ளையை விட்டவள் என்று நாலு பேருக்கு முன்னால் சொல்வதைவிட, என்னையும் கடலுக்குக் கொடுத்துவிடுவது மரியாதை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த இரக்கம்தான் என்னை அடித்துப் போட்டது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

6

அதற்கு இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு நாட்டில் யுத்தம் முடிந்தது. அந்த வைகாசியில் லண்டனில் தமிழ்ப் பிள்ளைகள் யுத்தத்தை நிறுத்தச் சொல்லி றோட்டில் குந்தியிருந்தார்கள். பஸ்களைச் சுற்றி விட்டதால் நான் இரண்டு நாள் வேலைக்குப் பிந்தினேன். காக்கா ஊரிலிருந்து எடுத்தார். "றோட்டில வெடி கொளுத்துறாங்க. இனிப் பயமில்ல எண்டு செல்லுறாங்க" என்றார். நிம்மதியா என்று கேட்டேன். "தெரியா" என்றார். புலிகள் இயக்கம் சுடும் என்று பள்ளிவாசலில் தொழப் பயந்த வருஷங்களையும் பார்த்தவர்கள் நாங்கள். ஆனால் டீவீயில் காட்டிய படத்தைப் பார்த்தபோது எனக்கு இயக்கமும் தெரியவில்லை, ஆமியும் தெரியவில்லை. களப்புத் தண்ணீருக்குள் இடுப்பளவில் பெண்கள் நடந்து வந்தார்கள், தோளில் பிள்ளைகள். ஒருத்தி பிள்ளையின் சட்டையைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை றிஸ்வான் சொன்னார்: "நாளைக்கு மார்த்தாட்ட போறன். அவங்களிட்ட மன்னிப்புக் கேக்கோணும்."

"என்னட்ட?"

"நீ வீட்டிலதானே இரிக்க."

அடுத்த நாள் அய்மனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். அவர் தடுக்கவில்லை.

ஞாயிறு மதியம். மேசைகளெல்லாம் திரும்ப நடுவுக்கு வந்திருந்தன. குடும்பம் குடும்பமாகச் சூப் குடித்தார்கள். றிஸ்வான் எழுந்து நின்று ஸ்பானிஷில் கதைத்தார். தங்குதடையில்லாமல் கதைத்தார். அவருக்கு அந்தப் பாஷை தெரியும் என்பதே எனக்குப் புதினம். என்ன சொன்னார் என்று தெரியவில்லை, ஆனால் அழுதார். ஒருவரும் எழுந்து போய் அவர் தோளில் தட்டவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

மூலையில் டீவீ. அதே தண்ணீர், அதே பெண்கள்.

"குளோரியா," என்றேன், "நான் செல்றத இவங்களுக்குச் செல்லு."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். வராத இடத்தில் தமிழிலேயே சொன்னேன். அதைக் குளோரியாவுக்காகச் சொல்லவில்லை.

"காலையில ஹனா கதிரையில குந்தியிருந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். சத்தம் கேட்டது. பெரிய லொறி வருகிற மாதிரி. தூக்கிக்கொண்டு ஓடினேன். மூன்றாவது வளவு தாண்டும்போது தண்ணீர் பிடித்தது. ஒரு வீட்டு ஜன்னல் கம்பியை இடது கையால் பிடித்தேன். வலது கையில் பிள்ளை. தண்ணீர் கழுத்துக்கு வந்தது. அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, 'உம்மா, கண்ணுக்குள்ள போகுது' என்றாள். நான் விடவில்லை. எங்கிருந்தோ ஓர் அலுமாரி மிதந்து வந்து என் வலது தோளில் அடித்தது. தோள் மூட்டு கழன்றுவிட்டது. கை இருக்கிறது, ஆனால் நான் சொன்னபடி கேட்கவில்லை. விரல் மட்டும் அவளுடைய சட்டையைப் பிடித்திருந்தது. விரல் விடவில்லை. சட்டைதான் கிழிந்தது. தண்ணீர் வற்றியபோது சட்டைக் கை என் விரலுக்குள் இருந்தது. ஆஸ்பத்திரியில் அதை என் கையிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருந்தது."

குளோரியா பாதியில் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள். அவளுடைய சகோதரன் அவளுடைய நாட்டு யுத்தத்தில் காணாமல் போனவன். அதை அன்றைக்குத்தான் சொன்னாள்.

றிஸ்வான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏன் அண்டைக்கே செல்லல்ல?"

"நீங்க கேக்கல்ல மச்சான். உட்டுட்ட எண்டு முடிவெடுத்திட்டு, ஏன் எண்டுதான் கேட்டீங்க."

மார்த்தா எழுந்து சுவரடிக்குப் போனாள். அந்தச் சுவர் முழுக்கப் படங்கள். அவர்களுடைய இறந்தவர்கள், காணாமல் போனவர்கள். அவள் ஒரு சின்னச் சட்டகத்தைக் கழற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

ஹனா.

எங்கள் வீட்டிலிருந்த படங்கள் எல்லாவற்றையும் கடல் கொண்டுபோனது. மிச்சமாக இருக்கக்கூடியவை நான் லண்டனுக்கு அனுப்பியவை மட்டும்தான். வந்த முதல் கிழமையிலேயே கேட்டேன். வீடு மாறும்போது தொலைந்துவிட்டன என்றார் றிஸ்வான். அவள் முகம் மறந்துபோகுமோ என்று பயந்து, தூங்கும் அய்மனின் முகத்தில் நெற்றியையும் மூக்கையும் தேடியவள் நான். அந்த நேரமெல்லாம் அவள் இங்கே சூப் கடைச் சுவரில் இருந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் இவர் அவளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

சட்டகத்தின் பின்பக்கத்தைத் திறந்து படத்தை எடுத்தேன். ஒரு ஓரம் பின்னுக்கு மடித்திருந்தது. மடிப்பை நிமிர்த்தினேன். கதிரையில் நிற்கும் ஹனாவின் இடுப்பைச் சுற்றி ஒரு கை. நாலு வளையல். படம் எடுத்தவர் என்னை ஒதுங்கச் சொன்னார், பிள்ளை விழுந்துவிடும் என்று நான் கையை எடுக்கவில்லை. அந்தக் கையைத்தான் அவர் மடித்து வைத்திருந்தார்.

நான் படத்தைக் கைப்பைக்குள் வைத்தேன். வெறும் சட்டகத்தை மார்த்தாவிடம் திருப்பிக் கொடுத்தேன்.

7

அந்தக் கோடையில் றிஸ்வான் வேறு அறை எடுத்துப் போனார். நான் போகச் சொன்னேன், அவரும் இருக்க விரும்பவில்லை. குளிர்காலம் தொடங்கியபோது ஊரில் காதியாரிடம் விவாகரத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். கடிதம் காக்காவின் விலாசத்துக்குப் போய், அங்கிருந்து எனக்கு வந்தது. காரணம் என்ற இடத்தில், 'மனைவி இரவு நேரக் களியாட்ட விடுதிகளுக்குச் செல்லும் பழக்கமுடையவர்' என்று எழுதியிருந்தது. சுத்தமான தமிழ். பழக்கமுடையவராம். அதுவரை நான் போனது ஒரேயொரு வெள்ளி.

காக்கா எடுத்தார். "அங்க போனியா இல்லையா? ஒரு சொல் செல்லு."

"போனன் காக்கா, ஆனா..."

"போதும்" என்றார்.

அதன் பிறகு ஏழு வருஷம் அவர் என்னோடு கதைக்கவில்லை. அவருடைய மகளின் கல்யாணத்தைப் பிறர் போட்ட படங்களில்தான் பார்த்தேன்.

அந்தக் கடிதம் வந்த பிறகுதான் நான் போகத் தொடங்கினேன். ஓம், மாதத்தில் ஒரு வெள்ளி, இரண்டு வருஷம். எழுதியாயிற்று, இனிப் போனால் என்ன என்ற வீம்பு முதலில். பிறகு வீம்பு போய்விட்டது. இரவு இஷா தொழுதுவிட்டுப் போவேன். சுவரோரம் குளோரியாவோடு இருந்து தோடம்பழச் சாறு குடிப்பேன். வயது போனவர்களின் பாட்டு வந்தால் மார்த்தா இழுத்துக்கொண்டு போவாள். எனக்கு இடுப்பு வராது. காலை மட்டும் மாற்றி மாற்றி வைப்பேன். சால்வை வழுக்கினால் அதைச் சரிசெய்வதற்காக மார்த்தா எனக்காக ஓர் அடி நிறுத்தித் தருவாள். என்னை இறந்தவள் என்று நினைத்து மெழுகுதிரி கொளுத்தியவர்கள் அவர்கள். உயிரோடு வந்தபோது கதிரை இழுத்துப் போட்டார்கள். என் சொந்தம் உயிரோடு இருந்தவளைத் தள்ளி வைத்தது. இது சரியா, மார்க்கத்தில் இதற்கு என்ன இடம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அல்லாஹ்விடம் அதைத் தனியாகக் கதைத்துக்கொள்கிறேன்.

அய்மனுக்கு இப்போது பதினெட்டு. குளித்துக்கொண்டே ரெகெட்டோன் போடுகிறான், அதே அடி. தமிழ் கேட்டால் விளங்கும், பதில் இங்கிலீஷில்தான். அவனுடைய ராத்தா ஹனாவின் படத்தை அவனுக்குக் காட்டியபோது நெடுநேரம் பார்த்துவிட்டு, "கியூட்" என்றான். பிறகு, "அந்தக் கை ஆர்ட?" என்று தமிழில் கேட்டான்.

றிஸ்வான் ஊருக்குப் போய் மருதமுனையில் மறு கல்யாணம் முடித்துவிட்டார். இரண்டு பிள்ளைகள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் எனக்குப் போன் எடுத்தார். பிரிந்த பிறகு முதல் முறை. குரல் வயதாகியிருந்தது.

"நஸீமா, அந்தப் படத்தை ஒரு கொப்பி எடுத்து அனுப்புவியா? புள்ளையளுக்கு அவங்கட ராத்தாவக் காட்டோணும்."

அந்தப் பிள்ளைகள் ஒரு பிழையும் செய்யவில்லை.

"அனுப்புறன்," என்றேன். "ஆனா முதல்ல காக்காட்ட போங்க. நான் புள்ளைய உடல்ல எண்டு செல்லுங்க. கடிதம்தான் முதல் வந்த, நான் ஆடப் போன பிறகுதான் எண்டும் செல்லுங்க. ஒங்கட வாயால."



"இப்ப அதெல்லாம் எதுக்குக் கிளறுற?" என்றார்.

காக்கா இப்போது என்னோடு கதைக்கிறார். பெருநாளுக்கு எடுப்பார், சுகம் கேட்பார். ஒவ்வொரு முறையும் றிஸ்வான் வந்தாரா என்று கேட்பேன். எதற்கு வரவேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்பார்.

நான் படத்தைக் கொப்பி எடுத்துவிட்டேன். முழுப் படம், மடிப்பு இல்லாமல், கையும் தெரிய. உறைக்குள் வைத்து, மருதமுனை விலாசமும் எழுதியாயிற்று. முத்திரை மட்டும் ஒட்டவில்லை.